வாளிக்குள் ஓர் அடுப்பு

வாஞ்சி மணியாச்சி ரயிலடியில் நீங்கள் எப்போதாவது இறங்கியிருக்கிறீர்களா? மதுரையிலிருந்து வரும் ரயில் பாதை அங்கேதான் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று திருநெல்வேலிக்கு, மற்றொன்று தூத்துக்குடிக்கு. 1911-ம் வருஷம் ஜூன் 17-ந் தேதி கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டதும், பிறகு தன்னையே சுட்டுக்கொண்டு உயிர் துறந்ததும் அந்த ஸ்டேஷனில்தான். ஊரின் பெயருக்கு முன்னால் அந்த இளைஞனின் பெயரும் சேர்ந்து நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் ஒரு விநாடி நடை தயங்கும்.

நான் அங்கே இறங்கியது சரித்திரம் பார்ப்பதற்காக அல்ல. பெரியம்மாவுக்குப் புதிதாகப் பேத்தி பிறந்திருந்தாள். அவளைப் பார்க்கப் போனேன். மார்கழி மாதம். விடியற்காலையில் கரிசல் காட்டின் மேல் பனி இறங்கியிருந்தது. "வெயிலுக்குப் பேர்போன சீமையாயிற்றே, இங்கே என்ன குளிர்?" என்று எண்ணிக்கொண்டு போனவளுக்குப் பல் கிட்டியது.

வீட்டுக்குள் நுழைந்தால், பின்கட்டில் பித்தளை அண்டா நிறையத் தண்ணீர். அதற்குள் தலைகீழாகத் தொங்கியது ஒரு வெந்நீர்க் கம்பி. பிள்ளை பெற்றவள் குளிக்கவும், பிள்ளையைக் குளிப்பாட்டவும் வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு காலத்தில் இதே இடத்தில் பருத்திமாரை ஒடித்து ஒடித்து அடுப்பில் வைத்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு ஊதிய பெரியம்மா, இப்போது ஸ்விட்சைத் தட்டிவிட்டுத் திண்ணையில் சாவகாசமாக உட்கார்ந்திருந்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சிறிது நேரம் கழித்துப் பெரியம்மா எழுந்து போய், ஸ்விட்சை அணைக்காமலே, சுட்டுவிரலைத் தண்ணீருக்குள் விட்டாள். 'சுர்'ரென்று கையை உதறி எடுத்துக்கொண்டாள்.

"ஐயையோ பெரியம்மா, என்ன ஆச்சு?" என்று பதறினேன்.

"ஒண்ணுமில்ல தாயி. வெந்நி காஞ்சா அது லேசாக் கடிக்கும். அதுதான் அடையாளம். ரெண்டு மாசமா இப்பிடித்தான்" என்றாள், வெகு அமைதியாக.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ஓடிப்போய் ஸ்விட்சை அணைத்தேன், பிளக்கையும் பிடுங்கினேன். 'லேசாகக் கடித்தது' வெந்நீர் அல்ல, மின்சாரம். அது கடிக்கத் தொடங்கிய வீட்டில்தான் நாளைக்குப் பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டப் போகிறார்கள்!

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கம்பி இருக்கலாம். இல்லாவிட்டால் குளியலறைச் சுவரில் வெந்நீர்க் கொதிகலம் தொங்கலாம். இஸ்திரிப்பெட்டி இல்லாத வீடு உண்டா? சாதம் வடிக்கும் மின்சாரக் குக்கரும் வந்துவிட்டது. எல்லாவற்றுக்குள்ளும் இருப்பது ஒரே ஒரு சூட்சுமம்தான். அதைத் தெரிந்துகொண்டால் பயமும் போகும். அதைவிட முக்கியம், அசட்டு தைரியமும் போகும்.

கம்பி ஏன் சுடுகிறது?

கோவில்பட்டி செண்பகவல்லி அம்மன் கோயில் தேர்த் திருவிழாவை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அகலமான ரத வீதியில் ஜனங்கள் சிரமமில்லாமல் நடக்கிறார்கள். அதே கூட்டம் ஒரு குறுகிய சந்துக்குள் புகுந்து போக வேண்டுமென்றால்? இடியும் நெரிசலுமாக எல்லோருக்கும் வியர்த்துக் கொட்டிவிடும். மின்சாரத்தின் கதையும் ஏறக்குறைய அதுதான். கம்பிக்குள் ஓடும் மின்னணுக்களுக்குச் செம்பு ஒரு ரத வீதி; சில உலோகங்களோ குறுகிய சந்து. அங்கே அவை முட்டி மோதிக்கொண்டு போகின்றன. அந்த மோதல்தான் உஷ்ணமாக வெளிப்படுகிறது. இந்த முட்டுக்கட்டைக்கு 'மின்தடை' என்று பெயர். அதை அளக்கும் கணக்கை 1827-ல் ஒரு புத்தகமாக எழுதியவர் ஜெர்மனியைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் ஓம். அதனால் இன்றும் மின்தடையை 'ஓம்' கணக்கில் சொல்கிறோம்.

எவ்வளவு மின்சாரம் ஓடினால் எவ்வளவு சூடு உண்டாகும் என்று கண்டுபிடித்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜூல். மது வடிக்கும் தொழிற்சாலை நடத்தியவரின் பிள்ளை. தண்ணீருக்குள் கம்பிச் சுருளை வைத்து, மின்சாரத்தை ஓட்டி, உஷ்ணமானியும் கையுமாக உட்கார்ந்து அளந்தார். 1841-ல் முடிவை வெளியிட்டார். பெரியம்மாவின் அண்டாவில் நடக்கிற காரியம் அப்போதே அவருடைய சோதனைச் சாலையில் நடந்துவிட்டது! ஓடும் மின்சாரம் இரண்டு மடங்கானால் சூடு இரண்டு மடங்கல்ல, நான்கு மடங்கு ஆகும் என்பது அவர் கண்ட உண்மை.

"அப்படியானால் சுவரிலிருந்து வரும் வயரும் ஏன் அதே மாதிரி சுடுவதில்லை?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வயரிலும் கம்பியிலும் ஓடுவது ஒரே அளவு மின்சாரம்தான். 1,000 வாட் கம்பி என்றால், நம் வீட்டு 230 வோல்ட்டில், நாலேகால் ஆம்பியருக்குச் சற்று அதிகம். ஆனால் கம்பிக்குள் இருக்கும் சுருளின் தடை சுமார் 53 ஓம். செம்பு வயரின் தடையோ ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஆகவே சுருளில் ஆயிரம் வாட் சூடு பிறக்கும்போது வயரில் ஒன்றிரண்டு வாட்தான் பிறக்கிறது. கை வைத்தாலும் தெரியாது.

ஆனால் பிளக் தளதளவென்று ஆடினால் கதை வேறு. ஆடுகிற இடத்தில் உலோகமும் உலோகமும் பட்டும் படாமலும் இருக்கும். அங்கே ஒரு புதிய 'குறுகிய சந்து' முளைத்துவிடும். தண்ணீரில் பிறக்க வேண்டிய சூடு பிளக்கில் பிறக்கும். பிளக்கின் துவாரத்தைச் சுற்றிக் கறுத்துப்போயிருந்தால், கருகல் வாடை வந்தால், அதுதான் காரணம்.

சுருளுக்குச் செம்பு உதவாது. இரும்பு சிவக்கச் சிவக்கக் காய்ந்தால் துருவேறி அற்றுவிடும். 1906-ல் ஆல்பர்ட் மார்ஷ் என்ற அமெரிக்கர், நிக்கலும் குரோமியமும் சேர்ந்த ஓர் உலோகக் கலவைக்கு உரிமம் பெற்றார். இன்று 'நிக்ரோம்' என்கிறோம். பொதுவாக நூற்றில் எண்பது பங்கு நிக்கல், இருபது பங்கு குரோமியம். சூடேறும்போது இதன் மேல் மெல்லிய ஒரு படலம் உண்டாகி, உள்ளே இருக்கும் உலோகத்தைக் காற்று அரிக்காமல் காப்பாற்றுகிறது. தன் கவசத்தைத் தானே நெய்துகொள்ளும் கம்பி!

வெந்நீர்க் கம்பியை நறுக்கிப் பார்த்தால், நடுவில் இந்தச் சுருள். சுற்றிலும் இறுக்கி அடைத்த வெள்ளைத் தூள். வெளியே உலோகக் குழாய். அந்தத் தூள் மக்னீஷியம் ஆக்ஸைடு. சூட்டை வெளியே விடும், மின்சாரத்தை விடாது. வாசலில் நிற்கும் நல்ல காவற்காரன் மாதிரி, விட வேண்டியவரை விட்டு, விடக் கூடாதவரைத் தடுத்து நிறுத்தும். அந்தக் காவற்காரன் நனைந்துவிட்டால் மட்டும் பிடியை விட்டுவிடுவான். பெரியம்மா வீட்டில் நடந்தது அதுதான்.

கரிசல் தண்ணீர் செய்த வேலை

வயர்மேன் தம்பி வந்தார். கம்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் மேல் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாகக் கெட்டியான படிவு.

"ஆச்சி, உங்களைக் கடிச்சது வெந்நி இல்ல, கரண்டு" என்றார். "இந்தா பாருங்க, உப்புத் தண்ணி செய்த வேலை."

கரிசல் சீமையின் கிணற்று நீரும் ஆழ்குழாய் நீரும் பல இடங்களில் கடினமானவை. பருப்பு வேகாது; சோப்பு நுரைக்காது. அந்த நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்து, சூடு பட்டதும் கரையாத சுண்ணாம்பாக மாறி, எங்கே சூடு அதிகமோ அங்கேயே ஒட்டிக்கொள்கிறது. கம்பியின் மேல் அது கம்பளி போர்த்தியது போலத்தான். உள்ளே பிறக்கும் சூடு வெளியே போக வழியில்லாமல் குழாய்க்குள்ளேயே அடைபடுகிறது. குழாய் வேண்டாத அளவுக்குக் காய்கிறது. நாளடைவில் மயிரிழை போல ஒரு வெடிப்பு விடுகிறது. அதன் வழியே ஈரம் உள்ளே போகிறது. வெள்ளைத் தூள் நனைகிறது. மின்சாரம் வெளியே எட்டிப் பார்க்கிறது.

படிவைக் கத்தியால் சுரண்டாதீர்கள், சுத்தியலால் தட்டாதீர்கள். பிளக்கைப் பிடுங்கி, கம்பி நன்றாக ஆறிய பிறகு, சுடுகிற பகுதியை மட்டும் தண்ணீர் கலந்த வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊற வைத்தால், நுரைத்து நுரைத்துத் தானே கரையும். கழுவித் துடைத்து, உலர்ந்த பிறகு உபயோகியுங்கள். ஏற்கனவே 'கடித்த' கம்பிக்கு இந்த வைத்தியம் கிடையாது. அதைத் தூக்கி எறிவதுதான் வைத்தியம்.

பூமிக்குப் போகும் வழி

தம்பி அதோடு விடவில்லை. பிளக்கைப் பார்த்தார். மூன்று கால் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு கால். "சுவரில் மூணாவது ஓட்டை இல்லையேன்னு இவர்தான் மாத்தினார்" என்று பெரியம்மா பெரியப்பாவைக் கைகாட்டினாள். பெரியப்பா பத்திரிகையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்!

அந்த மூன்றாவது கால் அலங்காரத்துக்காக வைத்ததல்ல. 'எர்த்' வயர் அதில்தான் சேருகிறது. உலோக உறைக்குள் மின்சாரம் கசிந்தால், உங்கள் உடம்பைத் தேடி வராமல் நேரே பூமிக்குப் போக அது வழி வைத்திருக்கிறது. அதை வெட்டிவிட்டால் மிச்சம் இருக்கும் வழி ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற நீங்கள்தான். நனைந்த உடம்பின் மின்தடை சுமார் ஆயிரம் ஓம் என்று வைத்துக்கொண்டால், 230 வோல்ட்டில் 230 மில்லி ஆம்பியர் பாயும். இருதயத்தை நிறுத்த அதுவே தாராளம். இரண்டு மாதமாகப் பெரியம்மா தப்பித்தது, கசிவு இன்னும் சிறியதாக இருந்த புண்ணியம்.

பிறகு தம்பி கொல்லைப்புறம் போய் எர்த் குழியைக் காட்டினார். கரிசல் மண்ணுக்கு ஒரு குணம் உண்டு. மழை குடித்தால் பூரித்து உப்பும். காய்ந்தால் சுருங்கி, பாளம் பாளமாக வெடிக்கும். பருத்திக்குத் தாயாக இருக்கும் அதே மண், ஈரமிருக்கும் வரையில் மின்சாரத்தையும் நன்றாக உள்வாங்கும். காய்ந்தால் குழாயை விட்டு விலகி நிற்கும். பெரியம்மா வீட்டில் எர்த் குழாய்க்கும் மண்ணுக்கும் நடுவே என் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி! வயர் இருந்தும் பூமி இல்லை.

குழியில் கரியும் உப்பும் அடுக்குவது ஏன் தெரியுமா? கரி ஈரத்தைப் பிடித்து வைக்கும். உப்பு கரைந்த ஈரத்தில் மின்சாரம் சுலபமாக ஓடும். ஆனால் தண்ணீர் இல்லாவிட்டால் இரண்டும் வீண். கோடையில் துளசிக்கு ஊற்றுவது போல எர்த் குழிக்கும் வாரம் ஒரு குடம் ஊற்றுங்கள்.

"எர்த் சரியாக இருந்தால் ஃபியூஸ் போய்விடுமே, அது போதாதா?" என்று கேட்டேன். தம்பி மணலில் ஒரு கணக்குப் போட்டார். குழியின் தடை 20 ஓம் என்றால், முழு மின்சாரமும் அதன் வழியே பாய்ந்தாலும் பதினொன்றரை ஆம்பியர்தான். 16 ஆம்பியர் ஃபியூஸ் அசையாமல் உட்கார்ந்திருக்கும். ஃபியூஸ் காப்பது வயரை, நம்மை அல்ல!

நம்மைக் காப்பதற்கு வேறொரு சாதனம் இருக்கிறது. ஆர்.சி.சி.பி. என்பார்கள். போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமா என்று அது ஓயாமல் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கும். மாமியார் கடைக்குக் கொடுத்தனுப்பிய பணத்துக்குச் சில்லறை எண்ணுவது போல! 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் போதும், "எங்கே போயிற்று?" என்று கேட்காமலே கண் இமைக்கும் நேரத்தில் மொத்த இணைப்பையும் துண்டித்துவிடும். வீட்டுக்கு வாங்கும்போது 30 மில்லி ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள். அதில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்திப் பாருங்கள். விழுந்தால் அது விழித்திருக்கிறது என்று அர்த்தம்.

செலவு எவ்வளவு?

இருபது லிட்டர் வாளித் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக்க, ஒரு யூனிட்டில் சுமார் 0.42 பங்கு பிடிக்கும். ஆயிரம் வாட் கம்பிக்கு இருபத்தைந்து நிமிஷம். 2,000 வாட் என்றால் பாதி நேரம். ஆனால் யூனிட் அதேதான். "சின்னக் கம்பி வாங்கினால் கரண்டு மிச்சம்" என்று நினைத்தால் அது தப்புக் கணக்கு. தினம் இரண்டு வாளி என்று வைத்தால் இரண்டு மாதத்தில் சுமார் ஐம்பது யூனிட். தமிழ்நாட்டில் 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் அல்லவா? அதில் சரிபாதியை இந்த வாளிகளே குடித்துவிடும்!

சாயங்காலம் வோல்டேஜ் இறங்கினால் வெந்நீர் காயத் தாமதமாவதைக் கவனித்திருப்பீர்கள். 230 வோல்ட் 180 ஆனால், ஆயிரம் வாட் கம்பி அறுநூற்றுப் பத்து வாட் வேலைதான் செய்யும். இருபத்தைந்து நிமிஷம் நாற்பது நிமிஷமாகும். கம்பியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். கம்பிக்குள் போகும் மின்சாரம் ஒரு துளிகூட வீணாகாமல் அத்தனையும் சூடாகிறது. நூற்றுக்கு நூறு! ஆனால் அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது? இந்தச் சீமைக்கு 1944-ல் பாபநாசத்தில் தாமிரபரணியின் நீர் மின்சாரம் தந்தது. 1979-ல் தூத்துக்குடியில் அனல் மின் நிலையம் வந்தது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாற்றுப் பக்கம் இப்போது காற்றாலைகள் சுழல்கின்றன. நீரும் காற்றும் தரும்போது கவலையில்லை. நிலக்கரியை எரிக்கும்போதோ, அதன் சூட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாகிறது. மிச்சம் காற்றிலும் நீரிலும் போய்விடுகிறது. சூட்டை மின்சாரமாக்கி, மின்சாரத்தை மறுபடி சூடாக்குவது, நெல்லை விற்று அரிசி வாங்கி, அதில் பாதியை வழியில் சிந்திவிட்டு வருவது மாதிரி. அதனால்தான் மொட்டை மாடியில் சூரிய வெந்நீர்க் கலம் வைக்க முடிந்தவர்கள் வைப்பது நல்லது. கரிசல் சீமையில் தண்ணீருக்குப் பஞ்சம் உண்டு. வெயிலுக்குப் பஞ்சம் உண்டா?

மறவாமல் இருக்க வேண்டியவை

முதலில் தண்ணீர், பிறகு கம்பி, கடைசியில் ஸ்விட்ச். எடுக்கும்போது முதலில் ஸ்விட்ச், பிறகு பிளக், கடைசியில் கம்பி. தண்ணீரில்லாமல் போட்டால் சூடு போக இடமின்றிக் கம்பி சீக்கிரமே எரிந்து போகும்.

பிளக்கைப் பிடுங்கும் வரையில் தண்ணீரில் விரல் வைக்காதீர்கள். சூடு பார்க்கும் ஆசையை இரண்டு நிமிஷம் அடக்குங்கள்.

உலோகப் பாத்திரத்தைவிட நல்ல தடிப்பான பிளாஸ்டிக் வாளி மேல். ஆனால் கம்பி வாளியின் அடியிலோ பக்கத்திலோ படக் கூடாது, உருகிவிடும். பிளாஸ்டிக் வாளி என்பதற்காகத் தண்ணீரைத் தொட்டால் ஷாக் அடிக்காது என்று நினைத்தும் விடாதீர்கள்.

வெந்நீர்க் கம்பி, கொதிகலம் இரண்டுக்கும் பெரிய, 16 ஆம்பியர், மூன்று கால் பிளக்தான் ஏற்றது. நடமாடும் குழந்தை இருக்கும் வீட்டில், கம்பி காய்கிற அறையின் கதவு சாத்தியிருக்கட்டும்.

லேசாகச் சுர்ரென்றால், 'லேசாகத்தானே' என்று சொல்லாதீர்கள். அன்றைக்கே நிறுத்துங்கள்.

அன்று மத்தியானத்துக்குள் தம்பி புது வயர் இழுத்து, மூன்று கால் பிளக் மாட்டி, ஆர்.சி.சி.பி.யும் வைத்துவிட்டார். எர்த் குழியில் புதிய கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றினார். பெரியப்பாவே குடம் தூக்கினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! பழைய கம்பி குப்பைக்குப் போயிற்று.

புதுக் கம்பி வாங்கக் கோவில்பட்டிக்கு ஆள் போயிருந்தது. அதுவரைக்கும் பிள்ளை குளிக்காமல் இருக்குமா? பெரியம்மா பித்தளை அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய் முற்றத்தில் வெயிலில் வைத்தாள். "எங்க ஆத்தா எனக்கு இப்பிடித்தான் ஊத்தினா" என்றாள். உச்சி வெயில் ஏறிய பிறகு, முழங்கையை விட்டுச் சூடு பார்த்தாள். இந்த முறை எதுவும் கடிக்கவில்லை.

நீட்டிய கால்களின் மேல் பேத்தியைக் கிடத்தி, இளஞ்சூடான தண்ணீரை உள்ளங்கையால் அள்ளி ஊற்றினாள். வீல் என்று ஓர் அழுகை. அதைக் கேட்டபோதுதான் காலையிலிருந்து என் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது இறங்கியது.

இன்று மாலை, அடுப்படி வேலை முடிந்ததும், உங்கள் வீட்டுக் கம்பியை எடுத்துப் பாருங்கள். வெள்ளையாக ஏதாவது படிந்திருக்கிறதா? பிளக்குக்கு எத்தனை கால்?